ஒளிக்கு ஓர் ஒத்திகை

கலைஞர் பலருள்ளும் மேடைக்கு ஒளியமைப்போர்க்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பாடகர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே பாடிப் பழகலாம். நடிகர் வெறுந்தரையில் வெண்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அதையே அரண்மனை வாயிலாகக் கொண்டு ஒத்திகை பார்க்கலாம். ஓவியர் ஒரு துண்டுத் தாளில் கரிக்கோலால் வரைந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒளியமைப்பாளரின் நிலை வேறு. அரங்கம் வாடகைக்கு எடுக்கப்பட வேண்டும். விளக்குகள் உயரத்தில் ஏற்றப்பட வேண்டும். மின்சாரம் பாய வேண்டும். மேடையில் ஆள் நிற்க வேண்டும். அதன் பின்னரே தாம் மனத்தில் நினைத்த காட்சியை அவர் கண்ணால் காண இயலும். அந்நேரத்திலோ நாடகம் தொடங்க இரண்டொரு நாட்களே எஞ்சியிருக்கும். பிழையைத் திருத்தவேண்டுமாயின் இரவெல்லாம் கண்விழித்து, ஏணிமேல் ஏறி இறங்கித்தான் திருத்தவேண்டும்.

இக்குறையைப் போக்க மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறு நீண்டது. விளக்கே ஏற்றாமல் ஒளியைக் காண்பது எவ்வாறு என்ற வினாவுக்கு, மாதிரி அரங்கு, வரைபடம், எண்கணக்கு, கணினி எனக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. இன்று பெரிய இசைநிகழ்ச்சிகளும் விளையாட்டு விழாக்களின் தொடக்கக் காட்சிகளும் முதலில் கணினித் திரையில் நடந்து முடிந்த பின்னரே மேடை ஏறுகின்றன. இந்த முன்காட்சி மென்பொருள் எவ்வாறு தோன்றியது, அது எதைக் காட்டவல்லது, எதைக் காட்டமாட்டாது என்பதை அறிந்துகொள்வது கலைஞர்க்கு மட்டுமன்றி, அரங்கில் சென்று அமரும் பொதுமக்களுக்கும் பயன் தருவதாகும்.

பழையோர் கண்ட வழி

ஒளியை முன்கூட்டியே கணித்து அமைக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கை ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அளந்து சொல்கிறது. அத்துடன் நில்லாமல், தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதவாறு விளக்கை நிறுத்தவேண்டும் என்ற விதியையும் அது கூறுகிறது. விளக்கு நிற்குமிடம், தூண் நிற்குமிடம், நிழல் விழுமிடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தவர்க்கே இவ்விதி தோன்றும். இன்றைய மென்பொருள் செய்யும் கணக்கின் கருவும் இதுவே.

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில் இக்கலை நூல் வடிவம் பெற்றது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோ, 1545-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நாடக மேடைக்கு வண்ண ஒளி தரும் முறையை விளக்கினார். வண்ண நீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பிகளின் பின்னே விளக்கை வைக்கவேண்டும். அதிக ஒளி தேவைப்பட்டால் அவ்விளக்கின் பின்னே நாவிதரின் பளபளப்பான கிண்ணம் ஒன்றை நிறுத்தவேண்டும் என்பது அவர் கூறிய முறை. நிறத்துக்கு ஒரு பொருள், பிரதிபலிப்புக்கு ஒரு பொருள் எனப் பிரித்து நோக்கிய அவர் அறிவுநுட்பம் பாராட்டத்தக்கது. 1638-இல் நிக்கோலா சப்பாத்தினி என்பவர், எரியும் மெழுகுவத்திகளின்மேல் தகர உருளைகளைக் கயிற்றால் இறக்கி மேடையை இருளச் செய்யும் முறையைப் படத்துடன் எழுதிவைத்தார். நெருப்பை அணைக்காமலே ஒளியைக் குறைக்கலாம் என்பதை மேடைக் கலைஞர்க்குக் கற்பித்த தொடக்ககால நூல்களுள் அது ஒன்று.

எனினும், இந்நூல்கள் செய்முறையைச் சொல்லினவே அன்றி, விளைவை முன்னதாகக் காட்டவில்லை. அக்குறையைச் சிறிது போக்கியது மாதிரி அரங்கு. இலண்டனில் துரூரி லேன் அரங்கிற்குக் காட்சிகள் அமைத்துப் புகழ்பெற்ற ஓவியர் பிலிப் ஜாக் தெ லூதர்பூர், 1781-ஆம் ஆண்டில் ‘ஐடோபுசிகான்’ என்ற சிற்றரங்கு ஒன்றைப் பொதுமக்களுக்குக் காட்டினார். ஏறக்குறைய ஆறடி அகலமும் எட்டடி ஆழமுமே உடைய அவ்வரங்கில் நடிகர் எவரும் இலர். வண்ணக் கண்ணாடிகளின் வழியே பாய்ந்த விளக்கொளியும், நகரும் மேக ஓவியங்களும், ஒலிக் கருவிகளுமே விடியலையும் புயலையும் நிலவையும் காட்டின. ஒளியும் ஓவியமும் ஒலியும் இணைந்து ஒரு காட்சியை நடத்தலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. பெரிய மேடையில் செய்ய அஞ்சுவதைச் சிறிய மேடையில் அச்சமின்றிச் செய்துபார்க்கலாம் என்ற உண்மையும் அதனால் விளங்கிற்று.

நெருப்பின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு விளக்கு மேடைக்கு வந்தது. ஓரிடத்திலிருந்தே குழாய்களைத் திருகி, அரங்கம் முழுவதன் ஒளியையும் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. 1878-ஆம் ஆண்டு முதல் இலண்டன் லைசியம் அரங்கை நடத்திய பெருநடிகர் ஹென்றி இர்விங், ஒளியை நடிப்புக்கு நிகராக மதித்தவர். அன்றைய நாடகம் முடிந்து மக்கள் வீடு திரும்பிய பின்னர், நள்ளிரவில் அவருடைய ஒளி ஒத்திகை தொடங்கும். விடியும்வரைகூட அது நீளும். அவ்வரங்கின் மேலாளராக இருந்து, பின்னாளில் ‘டிராகுலா’ என்ற நாவலால் உலகப் புகழ்பெற்ற பிராம் ஸ்டோக்கர், இர்விங்கின் ஒளிமுறை பற்றி 1911-இல் ஒரு கட்டுரை எழுதியுள்ளார். விளக்கை ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாத காலத்தில், நல்ல ஒளிக்கு விலையாகத் தொழிலாளரின் உறக்கமே கொடுக்கப்பட்டது.

அதனினும் பெரிய விலையும் கொடுக்கப்பட்டது. 1881 டிசம்பர் 8-ஆம் நாள் வியன்னா நகரின் ரிங் அரங்கம் தீப்பற்றி எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எரிவாயு விளக்குகளை ஏற்றும்பொழுது மூண்ட தீயே அதற்குக் காரணம். அதே மாதம் 28-ஆம் நாள் இலண்டன் சவாய் அரங்கின் மேடை மின்விளக்கு ஒளிபெற்றது. அரங்கம் முழுவதிலும் ஏறக்குறைய 1,200 விளக்குகள். அரங்க உரிமையாளர் ரிச்சர்டு டாய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு மின்குமிழை மெல்லிய துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். குமிழ் அணைந்தது, துணி எரியவில்லை. மக்கள் ஆரவாரம் செய்தனர்.

ஆயினும், மின்சாரம் வந்துவிட்டதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடவில்லை என்பதைச் சிக்காகோ நகரம் உலகுக்குக் கற்பித்தது. அங்கு 1903 நவம்பரில் திறக்கப்பட்ட இரோகுவாய் அரங்கம், தீயே பற்றாதது என்று விளம்பரம் செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிற்பகல், விடுமுறைக் காலமாதலால் தாய்மாரும் குழந்தைகளுமாக அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையிலிருந்த ஒரு வில்விளக்கின் பொறி துணித்திரை ஒன்றில் பற்றியது. மேடைக்கும் மக்களுக்கும் இடையே கல்நார்த் திரையை இறக்க முயன்றனர். அது பாதியிலே சிக்கி நின்றுவிட்டது. மேடை முகப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த விளக்கொன்றின் பிரதிபலிப்புத் தகடு அதனைத் தடுத்ததெனப் பின்னர் நடந்த விசாரணை கண்டது. வாயில்கள் பல பூட்டிக் கிடந்தன. இறந்தவர் தொகை 600-க்கு மேல்.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குக. காப்பதற்கென்றே அமைந்த திரை. அதன் பாதையில் விளக்கின் ஒரு பகுதி. இவ்விரண்டும் ஒன்றையொன்று முட்டும் என்பது, இரண்டையும் அளவோடு ஒரே வரைபடத்தில் எழுதிப் பார்த்திருந்தால் தாளிலேயே தெரிந்திருக்கும். ஒளியமைப்பை முன்னரே காண்பது அழகுக்காக மட்டும் என்று எண்ணுவோர் இதனை மறக்கலாகாது.

தாளில் எழுதிய ஒளி

மின்விளக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதன் கலைப்பயனை ஆராய்ந்த பேரறிஞர் ஒருவர் தோன்றினார். ஜெனீவாவில் 1862-இல் பிறந்த அடால்ஃப் அப்பியா என்பவர் அவர். ஜெர்மானிய இசைமேதை வாக்னரின் இசைநாடகங்களுக்கு, இன்ன இசைக்கு இன்ன ஒளி எனக் காட்சி காட்சியாகத் திட்டம் வகுத்து எழுதினார். எங்கும் பரவும் பொது ஒளி வேறு, உருவத்தைத் திரட்டிக் காட்டும் குறிப்பொளி வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவரே. 1899-இல் அவருடைய நூல் வெளிவந்தது. வாக்னரின் மனைவியார் கோசிமா அத்திட்டங்களை ஏற்கவில்லை. 1923-ஆம் ஆண்டில் மிலான் நகரின் ஸ்காலா அரங்கில், தொஸ்கானினி இசை நடத்த, ‘திரிஸ்தானும் இசோல்டாவும்’ அப்பியாவின் அமைப்பில் மேடையேறியது. தாளில் எழுதிய ஒளி மேடைக்கு வர ஏறக்குறைய கால்நூற்றாண்டு ஆயிற்று. தம் மனக்காட்சியைப் பிறர் கண்ணுக்குக் காட்டும் கருவி ஏதும் அவரிடம் இருந்ததில்லை. சொல்லும் கரிக்கோல் ஓவியமுமே இருந்தன. அவற்றைக் கொண்டு பொருட்செலவு செய்வோரை நம்பவைத்தல் எளிதன்று.

ஆங்கில நாட்டு எட்வர்டு கார்டன் கிரேக் மாதிரி அரங்கை நம்பினார். மாஸ்கோ கலை அரங்கில் 1912-இல் நடந்த ‘ஹாம்லெட்’ நாடகத்திற்கு, நகர்த்தி நகர்த்தி வைக்கத்தக்க உயர்ந்த தட்டிகளையே காட்சியாகக் கொண்டு, அவற்றின்மேல் ஒளி விழும் விதத்தைச் சிறு மாதிரிகளில் செய்துபார்த்தார். மாதிரியில் அத்தட்டிகள் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் மேடையில் அவை பேருருவம் பெற்றன, நிலைநிறுத்துவதே அரும்பாடாயிற்று. முதல் நாள் நாடகம் தொடங்குவதற்குச் சிறிது முன்பு அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து விழுந்தன என்று அவ்வரங்கின் தலைவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். கிரேக் அதனை மறுத்தார். இருவருள் யார் கூற்று மெய்யாயினும், சிறு மாதிரி தரும் பாடம் ஒன்றே. அது வடிவத்தைக் காட்டும், எடையைக் காட்டாது.

ஒளியமைப்பைக் கற்பிக்கத்தக்க ஒரு பாடமாக ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்காவின் ஸ்தான்லி மெக்கேண்டில்ஸ். கட்டடக்கலை பயின்ற இவர், யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்து, 1932-இல் மேடை ஒளிமுறை பற்றிய தம் நூலை வெளியிட்டார். நடிக்குமிடத்தைச் சில பகுதிகளாகப் பிரித்தல். ஒவ்வொரு பகுதிக்கும் இடமும் வலமுமாக ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் இரு விளக்குகள் அமைத்தல். ஒன்றுக்கு வெம்மை நிறமும் மற்றொன்றுக்குக் குளிர்ந்த நிறமும் கொடுத்தல். இதுவே அவர் முறையின் சாரம். நல்ல பாடக் குறிப்பு எழுதி வகுப்பினுள் நுழையும் ஆசிரியரைப்போல், ஒளியமைப்பாளரும் இப்பொழுது வரைபடத்துடன் அரங்கினுள் நுழையலாயினார். அவருக்குப் பின்வந்த ஜீன் ரோசந்தால் அம்மையார், விளக்கின் இடம், நிறம், அளவு, மாறும் நேரம் ஆகிய அனைத்தையும் ஒழுங்காகக் குறித்துவைக்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்தார். ஓர் ஊரில் கண்ட ஒளியை மற்றோர் ஊரிலும் மாறாமல் தர அக்குறிப்புகள் உதவின.

நினைவாற்றல் பெற்ற மேசை

அடுத்த மாற்றம் கட்டுப்பாட்டு மேசையில் நிகழ்ந்தது. 1947-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனோர், மின்னணுக் குழாய்களால் இயங்கும் கட்டுப்பாட்டு மேசையை அமைத்தார். அடுத்து வரும் காட்சிகளுக்கு உரிய அளவுகளை முன்னதாகவே அதில் குறித்துவைக்க இயன்றது. ஆயினும் நியூயார்க் பிராட்வே அரங்குகளில் பழைய கைப்பிடி மேசைகளே நெடுநாள் நீடித்தன. ஒரு மேசைக்கு ஓர் ஆள் என நின்று, கை காலெல்லாம் பயன்படுத்திக் கைப்பிடிகளை நகர்த்துவர்.

1975-ஆம் ஆண்டில் அது மாறியது. ‘எ கோரஸ் லைன்’ என்ற இசைநாடகம் பிராட்வேயின் ஷூபர்ட் அரங்கிற்கு வந்தபொழுது, அதன் ஒளியமைப்பாளர் தாரோன் மஸ்ஸர் அம்மையார், நினைவகம் உடைய கணினி மேசை வேண்டுமென வற்புறுத்திப் பெற்றார். பிராட்வேயில் அத்தகைய மேசை அமைந்த முதல் நாடகம் அதுவே. மாற்றங்கள் அனைத்தும் எண்களாகப் பதிந்து, ஒரு பொத்தானை அழுத்திய அளவில் நாள்தோறும் ஒரே சீராக நிகழ்ந்தன. 1976-இல் அவ்வொளியமைப்புக்காக அவருக்கு டோனி விருது கிடைத்தது. ஒளி எண்ணாக மாறிய அன்றே, அவ்வெண்ணை விளக்குக்கு அனுப்பாமல் ஒரு படத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்ற வாய்ப்பும் பிறந்துவிட்டது எனலாம்.

1981 செப்டம்பரில், ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில், காளைச் சண்டை அரங்கம் ஒன்றில் ‘ஜெனசிஸ்’ என்ற இசைக்குழுவின் நிகழ்ச்சி நடந்தது. டல்லாஸ் நகர நிறுவனம் ஒன்று செய்த ‘வேரி-லைட்’ என்ற புதுவகை விளக்குகள் அங்கு முதன்முதலாகப் பெருமளவில் பயன்பட்டன. நிறத்தைத் தானே மாற்றும் விளக்கு ஒன்றைச் செய்யத் தொடங்கியவர்கள், இன்னும் இரண்டு மோட்டார்களைச் சேர்த்தால் விளக்கே திரும்பவும் சாயவும் செய்யுமே என்று கண்ட விளைவு அது. கூட்டத்தினர் வியந்தனர். ஒளியமைப்பாளர்களோ புதிய இடர்ப்பாடு ஒன்றில் சிக்கினர்.

நிலையான விளக்குக்கு ஒரே எண் போதும். அது பிரகாசத்தின் அளவு. நகரும் விளக்குக்கோ, திரும்பும் கோணம், சாயும் கோணம், நிறம், கற்றையின் அகலம், உள்ளே சுழலும் வடிவத் தகடு எனப் பல எண்கள் வேண்டும். 1986-இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக் கழகம் ‘டிஎம்எக்ஸ் 512’ என்ற பொது விதியை வகுத்தது. ஒரு கம்பியில் 512 எண்கள் செல்லும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒரு விளக்குக்கு 30 எண்கள் என்று கொண்டால், ஒரு கம்பியில் 17 விளக்குகளே அடங்கும். நூறு விளக்குகளுக்கு ஆறு கம்பிகளும் 3,000 எண்களும் வேண்டும். அந்த 3,000 எண்களும் நொடிக்கு நொடி மாறுவன. அவற்றைத் தாளில் வரைந்து கற்பனை செய்துகொள்வது மனித மூளைக்கு இயலுவதன்று. வரைபடத்தின் காலம் இவ்விடத்தில் தன் எல்லையை எட்டியது.

கணினித் திரையில் மேடை

இதே காலத்தில் வேறொரு துறையில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஓர் அறையில் விளக்கேற்றினால் ஒளி நேராக விழுவதோடு அமையாது. சுவரில் பட்டு மீண்டு மற்றச் சுவரையும் ஒளியூட்டும். சிவப்புச் சுவரின் அருகே நிற்கும் வெண்ணிறப் பெட்டியில் சிறிது செம்மை படரும். இதனைக் கணக்கிட்டுப் படமாக்கும் முறையை 1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டனர். 1991-இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி டார்சி, பிரான்சுவா சில்லியான், டானல்டு கிரீன்பெர்க் ஆகிய மூவரும், இசைநாடக மேடையின் ஒளியையும் படவீழ்த்தலையும் கணினியில் வடிவமைத்துக் காணும் முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர்.

இம்முயற்சிக்கு அடிப்படையாகப் பயன்பட்ட இயற்கை விதி ஒன்று மிக எளியது. இரு விளக்குகள் ஒரே இடத்தில் விழுந்தால் அவற்றின் ஒளி ஒன்றோடொன்று கூடும். ஒன்றை மற்றொன்று கெடுக்காது. இரு வாய்க்கால்களின் நீர் ஒரு குளத்தில் சேர்வதுபோல் அது. ஆகவே ஒவ்வொரு விளக்கும் தனித்து எரியும் படத்தை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும். முதல் விளக்கில் பாதி, இரண்டாவதில் கால், மூன்றாவது முழுமை என விரும்பியவாறு அப்படங்களைக் கூட்டிப் புதுக் காட்சியைப் பெறலாம். கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. அக்காலக் கணினிகள் மெதுவானவை. ஒரு படத்துக்கே நெடுநேரம் பிடிக்கும். இந்த உபாயத்தால் அக்காத்திருப்பு குறைந்தது.

1990-களின் நடுவில், கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ‘காஸ்ட்’ நிறுவனம் ‘விசிவிக்’ என்ற மென்பொருளை ஒளியமைப்பாளருக்கென்றே வெளியிட்டது. காண்பது எதுவோ கிடைப்பதும் அதுவே என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அப்பெயராயின. உண்மையான கட்டுப்பாட்டு மேசையை அதனோடு இணைத்தால், மேசையில் நகர்த்தும் ஒவ்வோர் அசைவுக்கும் திரையில் உள்ள விளக்கு திரும்பியது, நிறம் மாறியது. பின்னர் சுவீடனின் ‘கேப்சர்’, ஜெர்மனியின் ‘டெப்பன்ஸ்’ முதலிய மென்பொருள்கள் தோன்றின. ஜெர்மனியின் எம்.ஏ. நிறுவனம் தன் கட்டுப்பாட்டு மேசைகளுடனேயே முப்பரிமாணக் காட்சியையும் இணைத்தது. அரங்க வரைபடத்துக்குப் பெயர்பெற்ற ‘வெக்டர்வொர்க்ஸ்’ நிறுவனம் 2014-இல் முன்காட்சி மென்பொருள் ஒன்றை விலைக்கு வாங்கி, வரைதலையும் காண்டலையும் ஒன்றாக்கியது.

இம்மென்பொருள் இயங்கும் விதத்தை நான்கு பகுதியாகப் பிரித்தறியலாம். முதலாவது, மேடை, திரைச்சீலை, இரும்புச் சட்டம், இருக்கை ஆகியவற்றின் அளவான முப்பரிமாண வடிவம். இரண்டாவது, விளக்குகளின் நூலகம். ஒவ்வொரு விளக்கின் கற்றைக் கோணம், ஒளியளவு, திரும்பும் வேகம், எந்த எண் எந்தச் செயலுக்கு என்ற விவரம் யாவும் அதில் அடங்கும். மூன்றாவது, மேசையிலிருந்து வரும் எண்களைப் பெறும் வாயில். 1998-இல் ‘ஆர்ட்-நெட்’ முறை வந்தபின் இவ்வெண்கள் சாதாரணக் கணினி இணைப்பிலேயே செல்லலாயின. நான்காவது, அவ்வெண்களைக் கொண்டு ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கும் பகுதி.

இந்நான்காம் பகுதியின் கணக்கைப் பள்ளி மாணவரும் செய்துபார்க்கலாம். பத்துப் பாகை அகலமுள்ள கற்றை, 10 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 1.75 மீட்டர் விட்டமுள்ள வட்டமாக விழும். ஒரு பாடகர் நிற்க அது போதும். அதே விளக்கை 20 மீட்டர் தொலைவில் வைத்தால் வட்டம் 3.5 மீட்டராகும்; ஒளியின் செறிவோ நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். இத்தகைய கணக்கை நூற்றுக்கணக்கான விளக்குகளுக்கு, நொடிக்குப் பலமுறை, புகையில் தெரியும் கற்றைகளோடு சேர்த்துச் செய்வதே கணினியின் பணி. கணினி விளையாட்டுகளுக்கென வளர்ந்த படமாக்கும் சில்லுகள் இப்பணியை எளிதாக்கின. இன்று திரைப்படச் சுவர், லேசர், நீரூற்று, வாணவேடிக்கை ஆகியனவும் ஒளியோடு ஒரே திரையில் ஒத்திகை பார்க்கப்படுகின்றன.

நூலகமே இதில் நெடுநாள் தொல்லையாக இருந்தது. ஒரே விளக்கின் விவரத்தை ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே எழுதவேண்டியிருந்தது. ஒன்றில் இருந்த விவரம் மற்றொன்றோடு முரண்படும். 2018-இல் எம்.ஏ., வெக்டர்வொர்க்ஸ், செக் நாட்டு ரோப் ஆகிய நிறுவனங்கள் கூடி, எல்லார்க்கும் பொதுவான ‘ஜிடிடிஎஃப்’ என்ற விவர வடிவத்தை வெளியிட்டன. 2020-இல் அது ஜெர்மானியத் தர ஆவணமாகவும் பதிவு பெற்றது. போட்டியிடும் நிறுவனங்கள் பொதுமொழி ஒன்றுக்கு உடன்பட்டது இத்தொழிலின் முதிர்ச்சிக்கு அடையாளமாகும்.

ஈட்டமும் எல்லையும்

இதனால் விளைந்த நன்மைகள் பல. இர்விங்கின் காலத்துத் தொழிலாளர் நள்ளிரவில் இழந்த உறக்கத்தில் ஒரு பகுதியையேனும் இன்றையோர் மீட்டுக்கொண்டனர். அரங்க வாடகை குறைகிறது. பொருட்செலவு செய்வோர்க்கு முன்னரே காட்சியைக் காட்டலாம். அப்பியாவைப்போல் காத்திருக்க வேண்டுவதில்லை. விளக்கு ஒன்று திரைச்சீலையின் பாதையில் நிற்கிறதா என்பதைத் திரையிலேயே சுற்றிப் பார்த்து அறியலாம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பிராட்வே முதலிய அரங்குகள் மூடப்பட்டபொழுது, ஒளிக்கலைஞர்க்குப் பயிற்சி செய்ய எஞ்சியிருந்த அரங்கம் கணினித் திரையே.

எனினும் படத்தைப் பொருளென மயங்குதல் கூடாது. முதலாவது, கண்ணைப் பற்றியது. இருளில் நெடுநேரம் இருந்த கண்ணுக்குச் சிற்றொளியும் பேரொளியாகத் தோன்றும். கணினித் திரை தரக்கூடிய வெளிச்சமோ ஓர் அளவுக்கு உட்பட்டது. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு திரையில் வெறும் வெண்புள்ளியாக நின்றுவிடும். இரண்டாவது, நிறத்தைப் பற்றியது. பல கணக்குமுறைகள் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாகவே கொள்கின்றன. உண்மை ஒளியோ பல அலைநீளங்களின் கலவை. பழைய இழைவிளக்கில் ஒளிர்ந்த பட்டுச்சேலை, எல்.இ.டி. விளக்கில் மங்கித் தோன்றுவது இதனாலேயே. சேலையை விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தால் அன்றி இது தெளிவாகாது.

மூன்றாவதே மிகப் பெரியது. அது எடையும் காற்றும். 2011 ஆகஸ்ட் 13-ஆம் நாள், அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், இசைநிகழ்ச்சி தொடங்கவிருந்த வேளையில் வீசிய கடுங்காற்றில், விளக்குகளைத் தாங்கிய மேற்கூரை கூட்டத்தின்மேல் சரிந்தது. ஏழு பேர் இறந்தனர். பக்கவாட்டில் தள்ளும் காற்றைத் தாங்கும் பிணைப்பு அக்கூரைக்குப் போதவில்லை என்று ஆய்வு கூறிற்று. ஒளிக் கற்றையை எவ்வளவு அழகாகத் தீட்டும் படமும், அக்கற்றையைத் தரும் விளக்கு தொங்கும் இரும்பு தாங்குமா என்பதைத் தானே சொல்லாது. அக்கணக்கு பொறியாளருடையது. அது தனியே செய்யப்பட வேண்டும். அதற்கெனப் பணமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். திரையில் காட்சி நிறைவாக இருந்துவிட்டால், வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் செலவு செய்வோர்க்கு எளிதில் வந்துவிடும். அவ்வெண்ணமே ஆபத்தானது.

ஆகவே முன்காட்சியை நோக்கி மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். இவ்வொளி நன்றாகத் தோன்றுமா? இவ்விளக்கு எதையேனும் முட்டுமா? இச்சட்டம் இவ்விளக்கைத் தாங்குமா? முதல் வினாவுக்கு மென்பொருள் பெரிதும் விடை தருகிறது, முடிவுரை கண்ணுடையது. இரண்டாம் வினாவுக்கு, அளவுகள் மெய்யாக எழுதப்பட்டிருந்தால், தெளிவாகவே விடை தருகிறது. மூன்றாம் வினாவுக்குரிய விடை பொறியாளரின் கணக்கிலும், அரங்கிற்கு நேரில் சென்று ஒவ்வொரு பிணைப்பையும் தொட்டுப் பார்க்கும் தொழிலாளரின் கையிலும் இருக்கிறது. நிகழ்ச்சி நடத்துவோர் இம்மூன்றுக்கும் விடை பெற்ற பின்னரே வாயிலைத் திறந்து மக்களை உள்ளே விடுதல் முறையாகும்.